மாத்திரைக்கு எவ்வளவு தூரம்?

சிதம்பரத்தில் இருந்து கடலூர் சுமார் 45 கிலோ மீட்டர்.

நடவு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இது சிறிய தூரம் அல்ல. போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். "எங்கே போனாய்?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும்.

அவள் எச்.ஐ.வி. கிருமி உள்ளவள் என்றால்? இந்தத் தொல்லைகளுக்குப் பயந்து மாத்திரையை விட்டால் என்ன ஆகும்?

அடங்கிக் கிடந்த கிருமி மீண்டும் தலைதூக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக மாறவும் கூடும்!

சென்னையில் கண்டுபிடிப்பு

இந்தியாவில் இந்தக் கிருமி 1986-ம் ஆண்டு சென்னையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் ஆவர்.

2004 ஏப்ரல் 1-ந் தேதி அரசு இலவச கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. கடலூர்க்காரர்களுக்கு அது 150 கிலோ மீட்டருக்கு மேல்!

பிறகு மருந்து மக்களை நாடி வந்தது. உடல்நிலை சீரானவர்கள் அருகில் உள்ள ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை வாங்க இணைப்பு மையங்கள் ஏற்பட்டன.

ஒரே இடத்தில்

கடலூர், சிதம்பரம் அரசு மருத்துவமனைகளில் "நம்பிக்கை மையம்" இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, ஆலோசனை இரண்டும் இலவசம். ரகசியம் காக்கப்படும்.

கர்ப்பிணிகளுக்கும், காச நோயாளிகளுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. ஏன்?

எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காச நோய்தான். தாய்க்கு மருந்து கொடுக்காவிட்டால், 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை கிருமி தொற்றும். மருந்து கொடுத்தால் 5-க்கும் கீழே குறையும்.

மூன்று கேள்விகள்

திட்டம் நன்றாக நடக்கிறதா என்று எப்படி அறிவது? உலகம் முழுவதும் கேட்கப்படும் கேள்விகள் மூன்று.

கிருமி உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேர் மருந்து சாப்பிடுகிறார்கள்? சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்குக் கிருமி அடங்கியிருக்கிறது?

ஒவ்வொன்றிலும் 100-க்கு 95 என்பது குறி. மூன்றிலும் 95 வாங்கினாலும், 100 பேரில் 86 பேருக்குத்தான் கிருமி அடங்கும். மற்ற 14 பேர் வழியில் தவறியவர்கள். அவர்களைத் தேடிப்பிடிப்பதுதான் வேலை!

கிருமி முழுமையாக அடங்கியவரிடம் இருந்து உடலுறவு மூலம் அது பரவுவது இல்லை. ஆகவே, சிகிச்சையே தடுப்பும் ஆகிறது.

சட்டம் துணை

தமிழ்நாட்டில் 2001-ம் ஆண்டு 1,000 கர்ப்பிணிகளில் 10 பேருக்கு மேல் இந்தக் கிருமி இருந்தது. பிற்கால ஆய்வுகளில் அது 3 பேருக்கும் கீழே இறங்கியது.

ஆனால் பயம் அவ்வளவு வேகமாக இறங்கவில்லை. அதனால்தான் 2017-ல் சட்டம் வந்தது. கிருமி இருப்பதைக் காரணம் காட்டி வேலையோ, பள்ளியோ, சிகிச்சையோ மறுக்கக்கூடாது.

சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

பாதி தூரத்தை அரசு குறைத்துவிட்டது. மீதி தூரம் அக்கம்பக்கத்தார் கையில் இருக்கிறது. "எங்கே போனாய்?" என்று கேட்காமல் இருந்தாலே போதும்!