குழந்தை வண்டிக்கும் சட்டம் உண்டு!

பின்னால் இருந்து ஒரு சக்கரம் குதிகாலில் "டக்" என்று இடிக்கிறது. உயிர் போகிற வலி! கோபத்தோடு திரும்பிப் பார்த்தால் ஒரு குழந்தை வண்டி. உள்ளே 2 வயதுக் குழந்தை. வாயில் விரலை வைத்துக்கொண்டு தூங்குகிறது. இடிபட்டவர் யாரைத் திட்டுவார்?

இது நடப்பது அமெரிக்காவில். கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம் என்று ஓர் ஊர். அங்கேதான் டிஸ்னிலாந்து என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. ராட்டினம், ரெயில், படகு, கோட்டை எல்லாம் உண்டு. கூட்டமோ சொல்லி முடியாது. அந்தக் கூட்டத்துக்குள்தான் குழந்தை வண்டிகளும் ஓடுகின்றன.

வண்டி என்றதும் காய்கறித் தள்ளுவண்டியை நினைத்துவிடாதீர்கள். இது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் சிறு வண்டி. நம் ஊரில் குழந்தை இடுப்பில் ஏறும், தோளில் ஏறும். அங்கே காலை முதல் இரவு வரை நடக்க வேண்டுமே, எந்த இடுப்பு தாங்கும்? பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் பாட்டிமார்களும் இப்போது இந்த வண்டியைத் தள்ளுகிறார்கள்.

பெஞ்சில் பிறந்த எண்ணம்

இந்தப் பூங்காவை உண்டாக்கியவர் வால்ட் டிஸ்னி. மிக்கி எலியைத் திரையில் ஆடவிட்டவர். அவருக்கு 2 பெண்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிரிபித் பூங்காவுக்கு அவர்களை அழைத்துப் போவார். பெண்கள் ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் தோன்றியதாம். அவரே பின்னர் அப்படிச் சொன்னார்.

1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பூங்கா திறக்கப்பட்டது. அன்று கடும் வெயில். கள்ளச் சீட்டோடு பல ஆயிரம் பேர் புகுந்துவிட்டார்கள். புதிதாகப் போட்ட தார் இளகியது. பெண்களின் உயர்ந்த குதிச் செருப்புகள் அதில் புதைந்தன. அன்று குழந்தை வண்டி தள்ளியவர் இருந்தால், அவர் பாடு என்ன ஆகியிருக்கும்!

அந்தக் காலத்து வண்டிகள் கனமானவை. ஓவன் மக்ளாரன் என்ற இங்கிலாந்து என்ஜினீயர் 1965-ல் குடை போல மடங்கும் வண்டியை வடிவமைத்தார். ஸ்பிட்பயர் என்ற போர் விமானத்தின் சக்கரப் பகுதியை வடிவமைத்ததில் பங்கு கொண்டவர் இவர். அலுமினியக் குழாயால் ஆன இவரது வண்டியின் எடை 6 பவுண்டுதான். அதாவது 3 கிலோவுக்கும் குறைவு. விமானச் சக்கரத்தை மடக்கத் தெரிந்தவருக்குக் குழந்தை வண்டியை மடக்கவா தெரியாது!

அங்குலக் கணக்கு

ஆனால் வண்டிகள் மறுபடியும் பெருத்துவிட்டன. குழந்தையோடு பை, பால் புட்டி, தண்ணீர், பொம்மை எல்லாம் ஏறின. சிலர் 4 சக்கரப் பெட்டி வண்டியையே இழுத்து வந்தார்கள். பூங்கா நிர்வாகம் பார்த்தது. 2019-ம் ஆண்டு மே 1-ந் தேதி முதல் புதிய சட்டம் போட்டது. வண்டியின் அகலம் 31 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நீளம் 52 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பெட்டி வண்டிக்கு இடமே இல்லை.

அதே நாளில், பூங்காவுக்குள் புகை பிடிக்கவும் தடை வந்தது. இதற்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வண்டியில் இருக்கும் குழந்தையின் முகம், நடந்து போகிறவரின் தொடை உயரத்தில் இருக்கிறது. சிகரெட் பிடித்த கை தொங்குவதும் அதே உயரத்தில்தான்!

குழந்தைக்குத் தெரிவது வெறும் கால்கள். தள்ளுகிறவருக்குத் தெரிவது வெறும் தலைகள். முன் சக்கரம் இருவர் கண்ணிலும் படுவதில்லை. குதிகால்கள் இடிபடுவது இதனால்தான். முன்னே போகிறவருக்கும் வண்டிக்கும் நடுவில் இன்னொரு வண்டி நிற்கும் அளவு இடம் விட்டால், அவர் திடீர் என்று நின்றாலும் சமாளிக்கலாம். படம் எடுக்க வேண்டுமா? நடுப்பாதையில் நிற்காமல் ஓரமாக ஒதுங்க வேண்டும். வண்டியைக் காட்டி வழி கேட்கலாம். வண்டியால் இடித்து வழி கேட்கக் கூடாது.

வண்டி எங்கே?

ராட்டினங்களுக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடங்கள் உண்டு. விட்ட இடத்திலேயே வண்டி இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஊழியர்கள் அவற்றை நகர்த்தி, வரிசையாக அடுக்கிவிடுவார்கள். திரும்பி வந்த தாய், "ஐயோ, வண்டியைக் காணோமே!" என்று பதறுவாள். வண்டி 10 அடி தள்ளி நிற்கும். ஒரே மாதிரி வண்டிகள் பல நிற்கும் இடத்தில், கைப்பிடியில் கட்டிய ஒரு சிவப்பு ரிப்பன் பெரிய உதவி. பணப்பையை மட்டும் அதில் விட்டுப் போகக் கூடாது.

கைப்பிடியில் கனமான பைகளை மாட்டுவதும் ஆபத்து. குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்பக்கமாகச் சாயும். பட்டை கட்டாமல் குழந்தை உள்ளே இருந்தால், அதுவும் சேர்ந்து விழும். வெயிலுக்காகத் துணியால் வண்டியை முழுவதும் மூடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் காற்று போகாமல் உள்ளே சூடு ஏறிவிடும். மடக்கும்போது குழந்தையை எட்டி நிற்க வைக்க வேண்டும். கீலில் சிக்கி 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானது அமெரிக்காவில் தெரிய வந்தது. அதனால் 2009-ல் சுமார் 10 லட்சம் வண்டிகளின் கீல்களுக்கு உறை கொடுக்க நேர்ந்தது.

சரி, குழந்தை எவ்வளவு நேரம் வண்டியில் இருக்கும்? "இறக்கி விடு" என்று அழும். இறக்கினால் ஓடும். ஒரு விநாடி போதும், கூட்டத்தில் மறைந்துவிடும். பூங்காவின் தலைமைத் தெருக் கோடியில் குழந்தை பராமரிப்பு நிலையம் இருக்கிறது. வழி தவறிய சின்னக் குழந்தைகளை அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். பெயர் கூடச் சொல்லத் தெரியாத குழந்தை என்ன செய்யும்? பெற்றோரின் டெலிபோன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, அதன் சட்டைப் பையில் காலையிலேயே வைத்துவிட வேண்டும்.

3 வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை. ஆனால் மலை ரெயில் போன்றவற்றில் ஏற 40 அங்குல உயரமாவது வேண்டும். குழந்தைக்காகப் பெற்றோர் ஆசையை விட வேண்டியதில்லை. அப்பா முதலில் போய் வரலாம். அம்மா குழந்தையோடு காத்திருந்து, பிறகு நீண்ட வரிசையில் நிற்காமல் போகலாம். ஊழியரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை அம்மா எங்கே உட்கார்ந்திருப்பாள்? பெஞ்சில்தான்!