"பார்" என்றால் பார்ப்பது அல்ல!

சுவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது. லயத்துக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. பிரட்டு கலைந்ததும் ஓர் அம்மா ஆபீஸ் வாசலுக்குப் போய், "ஐயா, மூணு நாளா தண்ணி வரலீங்க" என்றார். கிராணி தலை நிமிராமலே, "பார் ஃபார் தி கோர்ஸ்" என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தையை விட்டார். "குழாயைப் பாக்கச் சொல்றாரு போல" என்று அந்த அம்மா திரும்பிப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாராம்!

சிரிப்பு வருகிறதல்லவா? அர்த்தம் தெரிந்தால் சிரிப்பு வராது.

இது கோல்ஃப் ஆட்டத்தில் பிறந்த பேச்சு. நம் மாரிமுத்து ராமையா மலேசியாவில் பேர் எடுத்தாரே, அதே ஆட்டம்தான். ஒவ்வொரு குழிக்கும், நல்ல ஆட்டக்காரர் இத்தனை அடியில் பந்தைப் போட்டுவிடுவார் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். தூரத்தைப் பொறுத்து மூன்று, நான்கு, ஐந்து என்று வரும். அந்தக் கணக்குதான் "பார்". பதினெட்டுக் குழிக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72. "கோர்ஸ்" என்பது ஆடும் திடல்.

1870-இல் ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக் திடலின் 12 குழிகளுக்கு 49 அடி என்று இரண்டு ஆட்டக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள். டோல்மன் என்பவர் அதற்குப் "பார்" என்று பேர் வைத்தார். அது பங்கு வியாபாரத்தில் ஏற்கெனவே புழங்கிய சொல்.

நாளடைவில் "பார் ஃபார் தி கோர்ஸ்" ஊர்ப் பேச்சாகிவிட்டது. "இது எப்பவும் உள்ளதுதானே, இதில் என்ன அதிசயம்?" என்று அர்த்தம். பஸ் தாமதமா? மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றதா? அப்போது சொன்னால் பொருந்தும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கோல்ஃபில் பாருக்குக் கீழே போனால் கெட்டிக்காரர், அடி குறைவு. ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் "பிலோ பார்" என்று இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். தரம் குறைவு, இன்னும் படிக்க வேண்டும் என்று பொருள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். கிராணி கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் தண்ணீர் வராதது வழக்கம் என்று நாமும் ஒப்புக்கொள்ளலாமா? மலேசியாவில் தொழிலாளர் வீட்டு வசதிக்கென்றே 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டம் இருக்கிறது. வீடு கொடுக்கும் முதலாளி, குழாய்த் தண்ணீரைப் போதுமான அளவு, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. அதுதான் நமக்குரிய "பார்".

தண்ணீர் நின்ற தேதியை எழுதி வையுங்கள். ஆபீசில் எழுத்து மூலம் கொடுத்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் தொழிற்சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் சொல்லுங்கள்.

அடுத்த முறை யாராவது "பார் ஃபார் தி கோர்ஸ்" என்றால், திரும்பிப் போய்விடாதீர்கள். மரியாதையாகவே கேளுங்கள்: "ஐயா, அந்தக் கணக்கை யாருங்க போட்டது?"