முக்காலியும் மூவுருளியும்

மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும்; முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதே அதற்குக் காரணம். மூன்று கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டுவோர் இவ்வுண்மையை நடைமுறையில் அறிந்தவர்களே. ஆயினும், முக்காலியின் இரு கால்களுக்கு இடைப்பட்ட விளிம்பில் அமர்ந்தால் அது கவிழ்ந்துவிடும். நிற்கும்போது உறுதி, ஓரத்தில் பாரம் ஏறினால் ஆபத்து என்னும் இவ்விரு இயல்புகளும் மூவுருளி எனப்படும் மூன்று சக்கர மோட்டார் ஊர்திக்கும் உரியவை. ஆர்வலர்கள் தம் வீட்டுப் பட்டறைகளில் உருவாக்கும் மூவுருளிகள் தோற்றத்தில் பலவகைப்படும். எனினும், தனிச்சக்கரம் எங்கே, பாரம் எங்கே என்னும் இரண்டு வினாக்களுக்கு அவற்றை உருவாக்குவோர் அனைவரும் விடைகாண வேண்டும்.

தொடக்கம்

1886ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் ஊர்தி மூன்று சக்கரங்களைக் கொண்டது. இரு முன்சக்கரங்களையும் சீராகத் திருப்பும் முறை அவருக்கு அப்போது கைவரவில்லை. ஆகவே, முன்னே ஒரு சக்கரத்தை மட்டும் அமைத்தார். 1909ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் எச்.எஃப்.எஸ். மார்கன் இதற்கு நேர்மாறான வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். பியூஜோ நிறுவனத்தின் எஞ்சினைக் கொண்டு, முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாகச் சக்கரங்கள் அமைந்த ஊர்தியை உருவாக்கினார். அது முழுமை பெற்ற இடம் மால்வெர்ன் கல்லூரியின் பட்டறை. பொறியியல் ஆசிரியர் ஒருவர் அவருக்குத் துணைநின்றார். எடை குறைந்த மூவுருளிகளுக்கு மகிழுந்துகளைவிட வரி குறைவாக இருந்ததும் அவ்வூர்தி பரவ உதவியது. இன்றைய இருபெரும் வடிவங்களும் இவ்வாறு தொடக்கக் காலத்திலேயே தோன்றிவிட்டன.

பட்டறையில் பிறக்கும் வகைகள்

வீட்டில் செய்யப்படும் மூவுருளிகளுள் புகழ்பெற்றது, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மகிழுந்தின் பின்பகுதியைக் கொண்டு செய்யப்படுவதாகும். 2003ஆம் ஆண்டுவரை உற்பத்தியான அம்மகிழுந்து 2 கோடிக்கும் மேல் விற்பனையானது. எனவே, பழைய பாகங்கள் எளிதில் கிடைத்தன. அதன் எஞ்சினும் பல்சக்கரப் பெட்டியும் பின் அச்சும் ஒரே தொகுதியாகப் பின்புறத்தில் அமைந்தவை. காற்றினால் குளிர்விக்கப்படும் எஞ்சின் என்பதால் நீர்த்தொட்டியும் குழாய்களும் தேவையில்லை. அத்தொகுதியை இரும்புக் குழாய்ச் சட்டகத்துடன் இணைத்து, முன்னே மோட்டார் சைக்கிளின் ஃபோர்க்கையும் சக்கரத்தையும் பொருத்தினால் மூவுருளி உருவாகிவிடும்.

பிரித்தானிய ஆர்வலர்கள் பலர், ரிலையன்ட் நிறுவனத்தின் மூன்று சக்கர மகிழுந்திலிருந்து எஞ்சினையும் பின் அச்சையும் எடுத்துப் பயன்படுத்தினர். எடை குறைந்த அலுமினிய எஞ்சினாக இருப்பினும் அது சட்டகத்தின் நடுப்பகுதியில் இடம்பெறும். வேறு சிலர் முழு மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு, பின்சக்கரத்தை மட்டும் நீக்கி, அங்கே இருசக்கர அச்சைப் பொருத்துவர். மார்கன் வழியைப் பின்பற்றி, முன்னே இரு சக்கரங்களை அமைப்போரும் உளர்.

கவிழ்தலின் கணக்கு

மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். வளைவில் திரும்பும்போது ஊர்தியின் நிறை வெளிப்புறம் சாயும். அச்சாய்வு முக்கோணத்தின் விளிம்பைத் தாண்டினால் உட்புறச் சக்கரம் தரையைவிட்டு எழும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். சக்கரங்களின் இடைவெளி 120 செ.மீ. எனக் கொள்வோம். நான்கு சக்கர ஊர்தியில் நடுக்கோட்டிலிருந்து விளிம்புவரை 60 செ.மீ. இருக்கும். முன்னே ஒற்றைச் சக்கரம் கொண்ட மூவுருளியில், நிறைமையம் முன்பின் அச்சுகளுக்குச் சரிபாதியில் அமைந்தால், அவ்விடத்தில் விளிம்பு 30 செ.மீ. தொலைவிலேயே வந்துவிடும். நிறைமையத்தைப் பின் அச்சை நோக்கி மூன்றில் இரண்டு பங்குத் தொலைவுக்கு நகர்த்தினால் அது 40 செ.மீ. ஆகும். பீட்டில் எஞ்சின் பின்புறத்தில் தாழ்ந்து கிடப்பது இதனால் நன்மையாகிறது. எனினும் அந்நன்மைக்கு ஒரு விலையுண்டு: முன்சக்கரத்தின் மீது பாரம் குறைவதால் திருப்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதன் பிடிப்பு தளரும்.

வளைவிலேயே பிரேக் பிடித்தால் பாரம் முன்னோக்கிப் பாயும். முன்னே ஒற்றைச் சக்கரம் இருப்பின் பாரம் முக்கோணத்தின் குறுகிய முனைக்குச் சென்று ஆபத்தைக் கூட்டும். முன்னே இரு சக்கரங்கள் இருப்பின் அகன்ற பக்கத்திற்கு வந்து உறுதியைக் கூட்டும்.

பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே தண்டால் இறுகப் பிணைப்பதும் சிக்கலைத் தரும். திரும்பும்போது வெளிச்சக்கரம் மிகுதியான தொலைவு ஓட வேண்டும். அதற்கு இடமளிக்கும் பல்லிணை அமைப்பே டிஃபரன்ஷியல். மகிழுந்தின் பின் அச்சை ஆர்வலர்கள் நாடுவதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

பழக்கமே பகையாகும் இடம்

இருசக்கர ஊர்தியில் விரைந்து செல்பவர், இடக் கைப்பிடியை முன்னே தள்ளினால் ஊர்தி இடப்புறம் சாய்ந்து இடப்புறமே திரும்பும். சாயாத மூவுருளியிலோ அதே செயல் ஊர்தியை வலப்புறம் திருப்பிவிடும். நிறுத்தும்போது காலைத் தரையில் ஊன்றும் பழக்கமும் தீங்கு தரும். ஊன்றிய கால் பின்சக்கரத்தில் அகப்படக்கூடும்.

பெருநிறுவனங்களும் இவ்விடர்களுக்கு விலக்கல்ல. ஹோண்டா நிறுவனம் 1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய, பருத்த டயர்களைக் கொண்ட மூவுருளி பெரும் வரவேற்பைப் பெற்றது. பிற நிறுவனங்களும் அவ்வகையைச் செய்தன. ஆனால், அவை கவிழ்ந்து சிறுவர் உட்படப் பலர் காயமுற்றனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1988ஆம் ஆண்டு அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அவ்வகைப் புதிய மூவுருளிகளின் விற்பனை அந்நாட்டில் நிறுத்தப்பட்டது.

சட்டமும் தேவையும்

இத்தகைய படிப்பினைகளுக்குப் பின் சோதனையின் இன்றியமையாமை உணரப்பட்டது. பிரித்தானியாவில் வீட்டில் செய்த மூவுருளி, ஒப்புதல் சோதனையில் தேறிய பின்னரே பதிவுபெறும். இந்தியாவில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி ஊர்தியை உரிமையாளர் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கேற்ப ஊர்தியைத் தகவமைக்க அச்சட்டத்திலேயே இடமுண்டு. தமிழ்நாடு அரசு அவர்களுக்கு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்களை வழங்கிவருகிறது.

மூவுருளியின் உண்மையான பெருமை இங்கேதான் விளங்குகிறது. காலிழந்தவரும் முதுமையால் முழங்கால் தளர்ந்தவரும் கனத்த இருசக்கர ஊர்தியைத் தாங்கி நிற்க இயலாது. அவர்களைப் பிறர் துணையின்றிச் சாலைக்கு மீண்டும் அழைத்து வருவது கூடுதலாகச் சேர்ந்த ஒரு சக்கரமே. அச்சக்கரத்தைப் பொருத்தும் கை, பற்றவைக்கும் திறனோடு கவிழ்தலின் கணக்கையும் கற்றிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் நேரும் பிழையின் விலை, ஊர்தியை நம்பி ஏறியவரின் உயிராகும்.