தோட்டப் பதிவேடுகளும் பெயர்ச்சுட்டியும்

பதுளை நகரிலுள்ள பரிசுத்த மாற்கு ஆலயம், 1845ஆம் ஆண்டில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டது. இலங்கையில் மாண்ட ஆங்கிலேயர் பலரின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து, ஜே. பி. லூயிஸ் என்பார் 1913இலேயே நூலாக வெளியிட்டார். ஆதலால், துரைமாரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடுவது ஓரளவு எளிதாயிற்று. ஊவாவின் மலைச்சரிவுகளில் கோப்பியும் தேயிலையும் வளர்த்த தமிழ்த் தொழிலாளரின் பேரர்களுக்கு அத்தகைய வசதி வாய்க்கவில்லை.

அவர்தம் பெயர்கள் எழுதப்படாமற் போயினவா? இல்லை. நாள்தோறும் பேர் போட்ட செக்ரோலில் அவை எழுதப்பட்டன. லயத்திற் பிறந்த குழந்தையின் பெயரும் இறந்தோரின் பெயரும் தோட்ட நிருவாகத்தின் அறிவித்தல் வழியே பதிவாளரின் ஏடுகளில் ஏறின. ஆனால் இவ்வேடுகள் நாள் வரிசையில் அமைந்தவை. பெயர் வரிசையில் அல்ல. ஆண்டு தெரியாதவன் ஏடு முழுவதையும் புரட்ட வேண்டும். இக்குறையை நீக்குவதே பெயர்ச்சுட்டியாகும்.

1860 முதல் 1911 வரை நாத்தாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருக்குக் கப்பற் பட்டியல்கள் உள. அவற்றில் எண், பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவை காணப்படும். இலங்கைக்கோ மக்கள் பெரும்பாலும் கங்காணிமாரின் கீழ்க் கூட்டங் கூட்டமாக வந்தனர். எனவே இங்குத் தோட்டத்து ஏடுகளின் மதிப்பு மிகப் பெரிது.

அவ்வேடுகளைச் சார்ந்தே பலரின் வாழ்வும் அமைந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமை கோரியோர், தாம் இந்நாட்டில் தொடர்ந்து வசித்த ஆண்டுகளை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அண்ணன் நீலகிரிக்கும் தம்பி பசறைக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. பிரிந்த கிளைகள் ஒன்றையொன்று இன்று தேடுவதற்குப் பழைய ஏட்டின் ஒரு வரி துணைபுரியக்கூடும்.

சுட்டி தயாரிக்கும் பணி தொண்டர்களால் நடைபெறத்தக்கது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837இல் தொடங்கிய பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் சுட்டியை, 1998 முதல் தொண்டர்களே கணினியில் படியெடுத்து வருகின்றனர். ஏட்டுப் பக்கத்தின் ஒளிப்படத்தைப் பார்த்து, பெயர், தந்தை பெயர், தோட்டம், தேதி, பக்க எண் என்பவற்றைக் கட்டங்களில் நிரப்புவதே வேலை. கண்டதைக் கண்டபடி எழுதுதல் முதல் விதி. பிழையெனத் தோன்றினும் திருத்தலாகாது. தம் கருத்தைத் தனியே குறிக்கலாம். வாசிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்புதல் கூடாது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் நன்று.

தோட்ட ஏடுகளுக்குத் தமிழறிந்த தொண்டர் இன்றியமையாதவர். ஆங்கில எழுத்தில் லகர, ளகர வேறுபாடு மறைவதால் வள்ளியும் வல்லியும் ஒன்றாகிவிடும். தந்தை பெயரைக் குடும்பப் பெயரென மயங்கினால், தலைமுறைக்குத் தலைமுறை உறவு அறுந்துபோகும். ஒரே தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் தொழிலாளர் வழக்கில் வேறொரு பெயரும் இருப்பதுண்டு. இவற்றை அறிந்தவர்கள் அம்மக்களே.

உயிரோடிருப்போரின் விவரங்களைக் காத்தலும், ஏட்டுக்குரியோரின் அனுமதி பெறுதலும் கடமையாகும். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. கைமாறுந்தோறும் பழைய தாள்கள் சிதறக்கூடும். கறையானும் ஈரமும் காத்திரா. ஆகவே முதியோரின் நினைவு மங்குமுன் இப்பணியைத் தொடங்குதல் நலம். வாசிக்கத் தெரிந்த கண்ணும் பொறுமையுமே இதற்கு வேண்டிய மூலதனம்.