இரைச்சலுக்குள் ஒரு தாளம்!

ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்...' என்று சத்தம் வந்தால் உடனே வயரை ஆட்டிப் பார்க்கிறோம். இரைச்சல் என்றாலே வேண்டாத சரக்கு என்பது நம் எண்ணம். ஆனால் சில பொருட்களில், மின்சாரம் எப்படி நகர்கிறது என்பதை இரைச்சல்தான் காட்டிக் கொடுக்கிறது. தென்காசித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

நிலையில் நிற்கும் தேர்

வடத்தை நாலு பேர் இழுத்தால் தேர் அசையாது. கூட்டமே சேர்ந்து இழுத்தால்தான் கிளம்பும். நியோபியம் ட்ரைசெலினைடு என்ற படிகத்தைச் சுமார் -130 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்தால், எலக்ட்ரான்களில் ஒரு பகுதி சீரான இடைவெளியில் அடர்ந்தும் குறைந்தும் அலைபோல அமைகின்றன. இதுதான் 'சார்ஜ் டென்சிட்டி வேவ்'. படிகத்தில் கலந்திருக்கும் வேற்று அணுக்கள் இந்த அலைக்கு முட்டுக்கட்டை போடுகின்றன. மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அலை மொத்தமாக நகரத் தொடங்கும்.

இரண்டு வகை இரைச்சல்

அலை நகரும்போது மின்சாரத்தில் இருவகை ஏற்ற இறக்கங்கள் தோன்றுகின்றன. ஒன்று, குற்றாலம் மெயினருவியின் இரைச்சல் போலப் பல அதிர்வெண்கள் கலந்தது. மற்றொன்றில் தாளம் உண்டு. தேர்ச்சக்கரத்தில் ஓரிடம் புடைத்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'தடக்' என்று கேட்கும் அல்லவா? தேர் வேகமெடுத்தால் தடக்கும் வேகமெடுக்கும். அதுபோல அலையின் வேகம் இரட்டித்தால் இந்தத் துடிப்பின் அதிர்வெண்ணும் இரட்டிக்கும். நாம் கொடுப்பதோ ஏற்ற இறக்கமே இல்லாத டிசி மின்சாரம்! 1979-ல் பெல் ஆய்வகத்தின் பிளெமிங்கும் கிரைம்ஸும் இதை அளந்து காட்டினார்கள். எலக்ட்ரான் அலை உண்மையிலேயே நகர்கிறது என்பதற்கு அந்தத் துடிப்பு வலுவான சாட்சியானது.

நமக்கு என்ன பயன்?

உங்கள் மதர்போர்டின் கடிகாரத் துடிப்புக்கு ஆதாரம் ஒரு குவார்ட்ஸ் படிகம். துடிப்பை உண்டாக்கும் இத்தகைய சர்க்யூட்டுக்கு ஆஸிலேட்டர் என்று பெயர். 2016-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகக் குழு, டான்டலம் டைசல்பைடு கொண்டு அறை வெப்பநிலையிலேயே இயங்கும் ஆஸிலேட்டரைச் செய்து காட்டியது. மின்னழுத்தத்தை மாற்றினால் அதன் அதிர்வெண்ணும் மாறும். இங்கே அலை சறுக்குவதில்லை. பொருள் இரு மின்தடை நிலைகளுக்கிடையே மாறி மாறித் தாவுகிறது. அதனால் முந்தைய துடிப்பும் இதுவும் ஒன்றல்ல. குவார்ட்ஸைத் தூக்கிப் போடும் காலம் வந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். இது ஆய்வுக்கூடத்துச் சாதனம்தான்.

ஸ்பீக்கர் உறுமினால் வயரைச் சரிசெய்யுங்கள், தவறில்லை. ஆனால் ஓர் இரைச்சலை ஒதுக்கும் முன், அதில் தாளம் இருக்கிறதா என்று ஒருமுறை கவனியுங்கள்.