எலக்ட்ரானை யார் கொடுப்பாங்க?

எலக்ட்ரானை இழந்தா ஆக்சிஜனேற்றம், வாங்கினா ஒடுக்கம். இது நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா ரெண்டு உலோகத்தைக் காட்டி "இதுல எது இழக்கும்?"னு வைவால கேட்டா முழிப்போம். அதுக்கு விடை வினைத்திறன் வரிசைல இருக்கு: மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், ஈயம், தாமிரம், வெள்ளி, தங்கம். மேல இருக்கிறது எலக்ட்ரானைச் சுலபமா விட்டுடும். கீழ இருக்கிறது லேசுல விடாது.

காப்பர் சல்பேட் கரைசல்ல இரும்பு ஆணியைப் போடுங்க. இரும்பு மேல இருக்கு, அதனால அது ரெண்டு எலக்ட்ரானைக் கொடுத்துட்டுக் கரையும். தாமிர அயனி அதை வாங்கி, ஆணி மேல செம்பழுப்பா படியும். நீலமும் வெளிற ஆரம்பிக்கும். இதையே திருப்பி, இரும்பு சல்பேட்ல தாமிரக் கம்பியைப் போட்டா ஒண்ணுமே நடக்காது.

இது லேபோட முடியுற விஷயம் இல்லை. 1886-ல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலைக்கு வெளியே தாமிரத் தகடு, உள்ளே அதைத் தாங்க இரும்புப் பட்டைகள். ரெண்டும் தொடக்கூடாதுன்னு நடுவுல அரக்கில் நனைச்ச ஆஸ்பெஸ்டாஸ் வெச்சாங்க. காலப்போக்குல அது சிதைஞ்சது, ஈரம் புகுந்தது. இரும்பு எலக்ட்ரானை இழந்துச்சு. அதை வாங்கினது தாமிரம் இல்லைங்கிறதைக் கவனிங்க. தாமிரத்தோட பரப்புல இருந்த ஆக்சிஜன்தான் ஒடுக்கம் அடைஞ்சது. தாமிரம் வழி மட்டும்தான் கொடுத்தது. துரு உப்பி, தகட்டைப் பிடிச்சிருந்த ரிவெட்டுகளையே பிடுங்கிடுச்சு. 1986-ல் முடிஞ்ச சீரமைப்புல அந்தப் பட்டைகளை எடுத்துட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டாங்க.

இதே விதி இரும்பைக் காப்பாத்தவும் செய்யும். ஜிஐ பக்கெட்ல கீறல் விழுந்தாலும் இரும்பு உடனே துருப்பிடிக்காது. துத்தநாகம் வரிசைல மேல இருக்கிறதால அதுதான் முதல்ல கரையும். வெள்ளீயம் பூசின டப்பால கீறல் விழுந்தா கதை தலைகீழ். அங்க மேல இருக்கிறது இரும்பு, அதனால கீறின இடத்துல துரு வேகமா ஏறும்.

அதனால உங்க ப்ராஜெக்ட்ல ஒரு உலோகத் தகட்டுக்கு வேற உலோக போல்ட் போடுறதுக்கு முன்னாடி, ரெண்டும் வரிசைல எங்க இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. தூரம் அதிகமா இருந்து ஈரமும் படும்னா, நடுவுல ஒரு பிளாஸ்டிக் வாஷராவது போடுங்க. இல்லைன்னா மேல இருக்கிற உலோகம்தான் அரிச்சுப் போகும்.