ஏலப்பூவும் தேனீயும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் நடந்தால் ஏலக்காய் மணம் நம்மை எதிர்கொள்ளும். அந்த ஏலக்காய் விளைவது இடுக்கி மாவட்டத்து ஏலமலையில். அதை விளைய வைப்பதில் பெரும்பங்கு தேனீக்களுடையது.

ஏலச்செடியின் பூங்கொத்துகள் தரையை ஒட்டித் தோன்றுகின்றன. விடியுமுன் விரியும் பூ ஒரே நாளில் வாடிவிடும். அதன் வெண்ணிற இதழில் ஊதாக் கோடுகள் உள்ளன. அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல அவை. தேன் இருக்கும் இடத்தைத் தேனீக்குக் காட்டும் வழித்தடங்கள். பூவின் சூல்முடி மகரந்தப்பைக்குச் சற்று மேலே இருப்பதால் மகரந்தம் தானாக அங்குச் சென்று சேராது. தேன் அருந்த நுழையும் தேனீயின் உடலில் அது ஒட்டிக்கொண்டு அடுத்த பூவை அடைகிறது. தேனீ வராத பூ பெரும்பாலும் காயாகாமல் உதிர்ந்துவிடும். ஆதலால், பூக்கும் பருவத்தில் தேனீக்கள் நடமாடும் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம் என உழவர்களுக்கு அறிவுறுத்துகின்றனர்.

பக்கத்துச் சாக்கிலுள்ள மிளகுக்கு இந்தக் கவலை குறைவு. அதன் நுண்ணிய பூக்களுக்கு இதழ்களே இல்லை; சரத்தில் வழியும் மழைநீர் மகரந்தம் பரவத் துணைபுரிகிறது.

அதே கடைகளில் விற்கும் வனிலாவின் கதையோ விந்தையானது. மெக்சிகோவிலிருந்து வந்த அக்கொடிக்கு ஏற்ற பூச்சி இங்கு இல்லை. 1841இல் ரெயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்னும் சிறுவன், மெல்லிய குச்சியும் கட்டைவிரலும் கொண்டு மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டறிந்தான். அப்போது அவனுக்கு வயது ஏறத்தாழ 12. கேரளத் தோட்டங்களில் இன்றும் வனிலாப் பூ மலர்ந்த அன்றே, ஒவ்வொன்றாக, கையால்தான் மகரந்தம் சேர்க்கிறார்கள்.